அன்னையின் ஒரு நாள்



தாய் என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் நம் நாட்டில் இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவ்வாண்டுகளில் இத்தலைப்பில் நான் திருத்திய கட்டுரைகளை அடுக்கி வைத்தால் ஓர் அறை நிறையும். அவற்றில் அன்னை மெழுகுவத்தியாக உருகுவாள், கடலாகப் பரந்திருப்பாள், நிலமாகப் பொறுத்திருப்பாள், தெய்வமாக நின்று அருள்புரிவாள். ஆனால், அவள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்னும் செய்தி மட்டும் அவற்றில் இராது. நேற்று அவள் எப்பொழுது உண்டாள், எப்பொழுது படுத்தாள் என்பனவும் இரா. தெய்வத்துக்குப் பசி ஏது, உறக்கம் ஏது என்று எண்ணிவிட்டோம் போலும்! புகழ்ச்சி மிகுந்த இடத்தில் கணக்குக் குறைந்துவிடுகிறது. ஆதலால் இன்று நான் அன்னையைப் புகழப் போவதில்லை. அவளுடைய ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இத்தகைய கணக்கை நடுவண் அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுத்தது. நேரப் பயன்பாட்டு ஆய்வு என்பது அதன் பெயர். ஒருவர் ஒரு நாளில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதினார்கள். அந்த ஆய்வில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி, மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு முடிகிறது. அதனை அரை மணி அளவுள்ள 48 கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஆய்வு வகுத்தவர்கள் நம் இல்லங்களை அறிந்தவர்களே!

அப்பொழுது நான் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடமும் நடத்தி வந்தேன். 2022-ஆம் ஆண்டில் ஒரு நாள், வழக்கமான கட்டுரைக்கு மாற்றாக, அந்த 48 கட்டங்களைக் கரும்பலகையில் வரைந்தேன். “பள்ளி நடைபெறும் ஒரு நாளில் உங்கள் அன்னையர் செய்வன எல்லாவற்றையும் பார்த்தும் கேட்டும் எழுதி வாருங்கள்” என்றேன். ஒரே ஒரு விதி விதித்தேன். உவமை கூடாது, அன்போடு, பரிவோடு, பொறுமையோடு என்னும் அடைகளும் கூடாது. ‘அன்போடு சமைத்தாள்’ என்று எழுதுவதைக் காட்டிலும் ‘அரிசியில் கல் பொறுக்கினாள்’ என்று எழுதுவதே எனக்கு வேண்டியிருந்தது.

மறுவாரம் தாள்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் முதல் மூன்று நான்கு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஒரு மாணவன் மட்டும், “தெரியவில்லை, நான் உறங்கிக்கொண்டிருந்தேன்” என்று நேர்மையாக எழுதியிருந்தான். இரவு பத்து மணிக்குப் பிந்திய கட்டங்களிலும் அதே வெறுமை. கேட்டு எழுதும்படி தாள்களைத் திருப்பித் தந்தேன். அதன் பிறகே அவை நிரம்பின.

நேர்மையாக எழுதிய அந்த மாணவனின் தாளை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு ஆறாம் வகுப்பில் ஒரு தங்கை. மூன்றாம் வகுப்பில் ஒரு தம்பி. தந்தை சரக்கு வண்டி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அன்னை பக்கத்து நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறாள். ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்து அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றுகிறாள். மீண்டும் ஓடிப்போய்க் குடத்தை நகர்த்துகிறாள். ஐந்தரைக்கு இட்லி முதல் ஈடு. இரண்டாம் ஈடு வேகும்போது சின்னவனை எழுப்புகிறாள். முதல் முறை எழுப்பினால் அவன் எழுந்திருப்பதில்லை என்பதால் அது மூன்று முறை நடக்கிறது. ஏழு மணிக்கு மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னி நாடா கட்டுகிறாள். அப்பொழுதே சின்னவனிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்கிறாள். நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு “ஏழெட்டு?” என்று அவள் கேட்பது ‘ஏயெத்து’ என்று காதில் விழுமாம். அதற்கும் சின்னவன் சரியாகவே விடை சொல்வானாம். பிறகு, தேர்ச்சி அட்டையில் கையெழுத்து. அறுந்த பொத்தானுக்கு ஊசி நூல். காணாமற்போன அளவுகோலைத் தேடல். எட்டே காலுக்குப் பிள்ளைகள் மூவரும் புறப்பட்டுப் போகிறார்கள். எட்டே முக்காலுக்கு அவள் நகரப் பேருந்தில் ஏறுகிறாள். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால்தான் அந்த வேலைக்கே போக முடிகிறது என்று அவன் எழுதியிருந்தான். இரவு ஏழரைக்குத் திரும்பி வருகிறாள். அங்கிருந்து பதினொரு மணி வரை இன்னொரு நாள் தொடங்கிவிடுகிறது.

இத்தாளில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அரை மணிக் கட்டத்துக்குள் அவன் அன்னையின் வேலைகள் அடங்கவில்லை. எழுத்து ஓரத்தில் வழிந்து கீழ்க் கட்டத்துக்குப் பாய்ந்திருந்தது. அரசின் ஆய்வில் இதற்கும் ஒரு வழி வகுத்திருந்தார்கள். பத்து நிமிடமேனும் நீண்ட செயல்களாக இருந்தால், ஒரு கட்டத்தில் மூன்று வரை குறிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொத்தான் தைக்கப் பத்து நிமிடமா ஆகும்? கையெழுத்திட? அளவுகோல் தேட? பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாயின் காலைப்பொழுது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கும் குறைந்த வேலைகளால் ஆனது. எந்தச் சல்லடையிலும் அவை நில்லாமல் உதிர்ந்துவிடும். நினைவில் வைத்திருத்தல் என்ற வேலைக்கோ நிமிடமே இல்லை. நாளை தண்ணீர் வரும் நாள், வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடை, சின்னவனுக்கு இருமல் மருந்து தீர்ந்தது, மகளுக்குப் பதினைந்தாம் தேதி ஓவியப் போட்டி என்று இவற்றையெல்லாம் துணிக்கடையில் சேலையை விரித்துக் காட்டும் வேளையிலும் அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். இதனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இனி நாட்டின் கணக்கைக் காண்போம். ஆறு வயது நிரம்பிய எல்லோரும் அந்த ஆய்வில் அடங்குவர். எனவே நீங்களும் அதில் உண்டு. 2019-இல் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டோர், ஒரு நாளில், பெண்களுள் நூற்றுக்கு 81 பேர். ஆண்களுள் 26 பேர். ஈடுபட்ட பெண்கள் சராசரியாக 299 நிமிடம் உழைத்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். கணிதம் பயில்வோர் சற்று நின்று கவனிக்க வேண்டும். 97 என்பது அந்த 26 பேருடைய சராசரி. மற்ற 74 பேரின் பூச்சியங்களையும் சேர்த்து வகுத்தால், ஆண் ஒருவருக்கு 25 நிமிடம்தான் வரும். பெண்ணுக்கு அவ்வாறே வகுத்தால் ஏறத்தாழ 243 நிமிடம். பிள்ளைகளைப் பேணும் நேரம் இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு. ஐந்தாண்டு கழித்து, 2024-இல், ஆய்வை மீண்டும் நடத்தினார்கள். ஈடுபட்ட பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் தாங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாதபடி, அவர்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இவை வெறும் எண்கள் அல்ல என்பதை அதே வகுப்பில் ஒரு மாணவியின் தாள் எனக்குக் காட்டியது. அவள் தாளில் முதற்கட்டங்கள் முதல் நாளே நிரம்பியிருந்தன. காரணம் எளியது: அந்த வேளையில் அவளும் விழித்திருந்தாள். ‘அம்மா’, ‘நான்’ என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதியிருந்தாள். அம்மா சாணம் அள்ளும்போது நான் பாத்திரம் துலக்கினேன். அம்மா சோறு வடிக்கும்போது நான் தம்பிக்குப் பல் துலக்கிவிட்டேன். இப்படியே ஒன்பது மணி வரை இரண்டு பத்திகளும் இணையாக ஓடின.

அவ்வாண்டு புரட்டாசியில் சம்பா நடவு மும்முரமாக நடந்தது. தாய் நடவுக்குப் போன நாளெல்லாம் வருகைப் பதிவேட்டில் அம்மாணவியின் பெயருக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது. விடுப்புக் கடிதங்கள் யாவற்றிலும் வயிற்று வலி. அவளுடைய அண்ணன் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவன் ஒரு நாளும் வராதிருந்ததில்லை. தாயை வரவழைத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

“அவனுக்குப் பொதுத் தேர்வு இருக்கிறது, சார். இவள் கொஞ்சம் பிந்திப் படித்துக்கொள்வாள். சின்னவனை யார் பார்ப்பது?” என்றாள்.

நான் ஒன்றும் கூறாமல் மகள் எழுதிய தாளைக் கையில் கொடுத்தேன். விரலை வைத்து வைத்துப் படித்தாள். வெகுநேரம் ஆயிற்று. “இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, சார். இரண்டு மணிக்கு எழுந்து மாட்டைப் பார்ப்பேன். அப்போது இவள் தூங்குவாள்” என்றாள். பிறகு, “பெரியவனுக்கு இந்தத் தாள் கொடுக்கவில்லையா?” என்று கேட்டாள்.

மறுநாளே பத்தாம் வகுப்புக்கும் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் முதல், நடவு நாட்களில், சின்னவனை அங்கன்வாடியில் விடுவதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அண்ணனின் பொறுப்பாயின. தங்கை இரண்டாம் மணி அடிக்கும்போது ஓடிவந்து சேர்வாள். வராத நாட்கள் அறவே இல்லாமற் போயின என்று சொல்லமாட்டேன். ஆனால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன.

‘இப்பொழுதுதான் எந்திரங்கள் வந்துவிட்டனவே, அன்னையருக்கு என்ன வேலை?’ என்று கேட்போர் உண்டு. எனக்கு வயது அறுபத்திரண்டு. என் அன்னை ஆட்டுக்கல்லில் மாவரைத்தாள், அம்மியில் அரைத்தாள், ஈர விறகை ஊதுகுழலால் ஊதிக் கண் சிவந்தாள். மாவரைக்கும் எந்திரம் 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தோன்றியது. எங்கள் தெருவுக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2011-ஆம் ஆண்டு முதல் அரசே மிக்ஸியும் கிரைண்டரும் வழங்கியது. கையுழைப்புக் குறைந்தது உண்மை. ஆனால் என் அன்னையிடம் பள்ளிக்கூடம் எதையும் கேட்டதில்லை. ஆண்டுக்கு மூன்று முறை கையெழுத்துக் கேட்டது, அவ்வளவே. இன்றோ பள்ளி அடுக்களைக்குள் புகுந்துவிட்டது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் செல்பேசிக்கு வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் செல்பேசியின் கட்டளைகள் நிற்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு, நாளைக் காலை வண்ணத்தாளும் தெர்மோகோலும் கொண்டு வருக என்று செய்தி வருகிறது. அதனை அனுப்பும் ஆசிரியர், கடை எத்தனை மணிக்கு மூடும், அந்த வேளையில் கடைக்குப் போவது யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நன்று. இதற்கு மாறாக, பள்ளியே அன்னையின் சுமையைக் குறைத்ததும் உண்டு. 2022-இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பற்றி, “ஓர் ஈடு இட்லி குறைந்தது” என்று எங்கள் ஊர்த் தாய் ஒருத்தி சொன்னாள். அதனினும் சுருங்கிய மதிப்புரையை நான் கேட்டதில்லை.

சட்டமும் மெல்லக் கண் திறந்திருக்கிறது. சாலை விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இழப்பீடு கணக்கிட்ட வழக்கில், 2021 சனவரியில், வீட்டில் உழைத்த தாயின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கணவன் ஈட்டிய பொருளில் இல்லத்தைப் பேணிய மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 சூனில் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நம் மாநில அரசு குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதற்கு உதவித் தொகை என்று பெயரிடாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டார்கள். தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல் பிடித்திருந்தது.

உங்களோடு நான் வழக்காட விரும்புவதும் அந்த ‘உதவி’ என்னும் சொல்லைப் பற்றியே. ‘அம்மாவுக்கு உதவி செய்கிறேன்’ என்பீர்கள். உதவுகிறவனுக்கு வேலையை நினைவூட்ட ஒருவர் வேண்டும். ‘தண்ணீர் வந்துவிட்டது, எழுந்திரு’ என்று அவள் சொல்ல வேண்டும். குடம் உங்கள் இடுப்பில் ஏறினாலும், நினைவு அவள் தலையிலேயே இருக்கிறது. அவ்வாறன்றி ஒரு வேலையை முழுமையாக எடுத்துக்கொள்வது வேறு.

நாடாவைக் கடித்து வாய்ப்பாடு கேட்ட தாயின் மகன் அவ்வாறு ஒன்றை எடுத்துக்கொண்டான். தன் சீருடை தன் பொறுப்பு. அன்னை நினைவூட்டக் கூடாது. முதல் வாரம் ஞாயிறு இரவில் துவைத்து, மழையில் காயாமல், திங்களன்று ஈரச் சட்டையோடு வந்தான். இரண்டாம் வாரம் சட்டை முழுவதும் சொட்டு நீலத்தின் திட்டுகள். வகுப்பே சிரித்தது. மூன்றாம் வாரம் சனிக்கிழமையே துவைத்தான். தங்கையின் சீருடையையும் தம்பியுடையதையும் சேர்த்தே ஊற வைத்தானாம். ஒரு திங்கள் கழித்து அட்டவணையை மீண்டும் எழுதச் சொன்னேன். அவன் தாளோடு என் மேசைக்கு வந்து, சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக் கட்டத்தைக் காட்டினான்.

“அம்மா வாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், ஐயா. அதை வேலை என்று எழுதலாமா?” என்றான்.

“நடந்தது அதுதானே? அப்படியே எழுது” என்றேன்.