ரெண்டாவது ஒயர் எதுக்கு?

இன்னைக்கு மேடையில இருந்து மிக்சர் வரைக்கும் போற ஒயர் பத்திப் பேசலாம்.

அனலாக்ல ஒவ்வொரு மைக்குக்கும் தனிக் கம்பி. 32 மைக்னா, 32 லைனையும் சேர்த்துக் கட்டின மல்ட்டிகோர். தூக்கவே ரெண்டு பேர் வேணும். மைக் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். லைட் டிம்மர் ஒயர் பக்கத்துல ஓடினா இரைச்சல் கலந்துடும்.

டிஜிட்டல்ல மேடையிலேயே ஸ்டேஜ் பாக்ஸ் இருக்கும். அது சத்தத்தை நொடிக்கு 48,000 தடவை அளந்து, எண்ணா மாத்தி, மெல்லிசான ஒரே நெட்வொர்க் ஒயர்ல அனுப்பிடும். லேட் ஆகாதானு கேப்பீங்க. டான்டே நெட்வொர்க்ல வழக்கமா வைக்கிறது 1 மில்லிசெகண்ட். அதுக்குள்ள காத்துல சத்தம் போற தூரம் சுமார் 34 சென்டிமீட்டர். ஸ்பீக்கர்ல இருந்து ஓரடி தள்ளி நிக்கிற வித்தியாசம், அவ்வளவுதான்.

என் பயம் வேற. மல்ட்டிகோர்ல ஒரு கம்பி அறுந்தா ஒரு மைக்தான் போகும், பாட்டு நிக்காது. இங்க அந்த ஒத்தை ஒயர் நசுங்கினா மொத்த மேடையும் ஊமை.

அதனால நான் எப்பவும் ரெண்டு ஒயர் இழுப்பேன், ரெண்டையும் வேற வேற பக்கமா. நிறைய டான்டே பாக்ஸ்ல பிரைமரி, செகண்டரினு இதுக்காகவே ரெண்டு போர்ட் இருக்கு. ஒண்ணு போனாலும் கூட்டத்துக்குத் தெரியாது. 100 மீட்டரைத் தாண்டினா காப்பர் வேண்டாம், ஃபைபர் போடுங்க.

ஸ்டேஜ் பாக்ஸுக்கே கரண்ட் போனா ரெண்டு ஒயரும் உதவாது. அதுக்குத்தான் மெயின் பாடகருக்கு மட்டும் ஒரு ஸ்பேர் மைக், தனி அனலாக் லைன்ல.

மல்ட்டிகோரை வித்த காசுல, முதல்ல அந்த ரெண்டாவது ஒயரை வாங்குங்க.