படிக்கப் போனவர்கள்



ஒரு நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். 1813 ஜூலை நடுவில் ரங்கூன் துறையில் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை இறக்கினார்கள். வயது இருபத்து மூன்று. நடக்கத் தெம்பில்லை. கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, மூங்கில்களைச் செருகி, பர்மியர் நால்வர் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவழியில் ஒரு நிழலில் இறக்கி வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து, குனிந்து, அவர் தலையிலிருந்த தொப்பிக்குக் கீழே எட்டிப் பார்த்தார்கள். அவர் முகத்தை நிமிர்த்திச் சிரித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த ஊரோடு அவர் நடத்திய முதல் உரையாடல் அதுதான். அவர் பெயர் ஆன் ஜட்சன். பக்கத்தில் நடந்து வந்த கணவர் அடோனிராம் ஜட்சனுக்கு வயது இருபத்து நான்கு.

அடோனிராம் ஜட்சன் என்றால் பர்மிய வேதாகமம், பர்மிய அகராதி. ஆன் என்றால் ஆவா நகரச் சிறையில் கிடந்த கணவருக்குச் சோறு கொண்டுபோனவர், மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தவர். ஞாயிறு பள்ளிகளில் இந்தக் கதை இன்றும் ஓடுகிறது. அந்தச் சிறைவாசம் தொடங்கியது 1824-ல். ரங்கூனில் இறங்கிய முதல் ஆறு ஆண்டுகளில் இந்தத் தம்பதி யாருக்கும் எதையும் போதிக்கவில்லை என்றே சொல்லலாம். படித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய என் பேச்சு அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றியது. சிறைக்கதையில் எனக்கு அலுப்பு இல்லை. ஆனால் அங்கே வீரம் இருக்கிறது, இங்கே வாழ்க்கை இருக்கிறது.

மிஷனரியாகப் போகிறவருக்கு இன்று பயிற்சிக் கல்லூரி, மொழிப் பள்ளி, தடுப்பூசிப் பட்டியல் எல்லாம் உண்டு. 1812-ல் அமெரிக்காவில் இவை எதுவும் இல்லை. அடோனிராம் ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரேயமும் படித்தவர். ஆன், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராட்ஃபோர்டு ஊர்க்காரர். அவ்வூர் அகாடமியில் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். ஆசியாவைப் பற்றி இருவருக்கும் புத்தகத்தில் படித்ததுதான் தெரியும். பெண் கேட்டு அடோனிராம் மாமனாருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. உங்கள் மகளை இந்த உலகில் இனிமேல் பார்க்கவே முடியாமல் போகலாம், வெப்பமும் வறுமையும் அவமானமும் வரலாம், ஒருவேளை கொலைகூட நேரலாம், சம்மதமா என்று அதில் கேட்டிருந்தார். பெண் கேட்டுப் போகிறவர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், சொத்தைச் சொல்வார்கள். இவர் சாவைச் சொன்னார். முடிவை மகளிடமே விட்டுவிட்டார் தந்தை.

1812 பிப்ரவரி 5-ல் கல்யாணம். மறுநாள் சேலம் நகரத் தேவாலயத்தில் அடோனிராமுக்குக் குருத்துவ அபிஷேகம். இது நம் சேலம் அல்ல. 19-ம் தேதி ‘கேரவன்’ என்ற கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். கூடவே சாமுவேல் நியூவெல், ஹேரியட் நியூவெல் என்று இன்னொரு புதுத் தம்பதி. நாலு மாதப் பயணம். உடம்பு கெடாமலிருக்கக் கப்பல் தளத்தில் கயிறு தாண்டிக் குதித்தார்கள். அதுவும் போதாமல் நடனமாடினார்கள். பக்திமான்கள் வரலாற்றில் இந்தச் செய்தி கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்கப்படும். எனக்கென்னவோ அவர்களின் வயது நினைவுக்கு வருவது இங்கேதான்.

அந்தக் கப்பலிலேயே ஒரு குழப்பமும் முளைத்தது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற காங்கிரிகேஷனல் சபையார் இவர்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்திலே செராம்பூரில் இருந்த வில்லியம் கேரியும் அவர் தோழர்களும் பாப்டிஸ்டுகள். விசுவாசித்த பிறகே, அதுவும் முழுகித்தான் ஞானஸ்நானம் என்பவர்கள். அவர்களோடு வாதாட வேண்டி வருமே என்று அடோனிராம் கிரேக்க மூலத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட எதிர்க்கட்சி சொல்வதே சரியென்று படத் தொடங்கியது. நீங்கள் மாறினாலும் நான் மாறமாட்டேன் என்றார் மனைவி. ஆனால் கல்கத்தாவில் அவரும் உட்கார்ந்து படித்தார். 1812 செப்டம்பர் 6-ல் இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அனுப்பிவைத்த சங்கத்தின் பண உதவி அதோடு போயிற்று. அந்நிய நாட்டில், கையில் காசில்லாமல், மனசாட்சிக்காகச் சபை மாறிய இந்தப் படிப்பை நான் சாதாரணமாக எண்ணவில்லை. ஆனால் அதன் இறையியலுக்குள் இன்று போகவில்லை. அது எனக்குத் தெரிந்த வித்தையும் அல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வெளியேறச் சொன்னது. மொரீஷியஸுக்குப் போனார்கள். முன்பே அங்கு போயிருந்த தோழி ஹேரியட் 1812 நவம்பர் 30-ல் இறந்துவிட்டார். அவருக்குப் பத்தொன்பது வயது. கடலிலே பிறந்த குழந்தை அவருக்கு முன்பே போய்விட்டது. அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைப்பட்டினம். இங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த லவ்லெஸ் தம்பதியர் அன்போடு வீட்டில் இடம் கொடுத்தார்கள். கம்பெனி அதிகாரிகள் கையில் சிக்கினால் இங்கிலாந்துக்கு ஏற்றிவிடுவார்கள். கிளம்பத் தயாராக இருந்த கப்பல் ‘ஜார்ஜியானா’ ஒன்றுதான். அது போகும் இடம் ரங்கூன். அதாவது, பர்மாவைத் தேர்ந்தெடுத்தது சென்னைத் துறைமுகம். துணைக்கு அமர்த்திய ஐரோப்பியத் தாதி கப்பலேறிய கொஞ்ச நேரத்தில் விழுந்து இறந்துபோனார். நடுக்கடலில் ஆனுக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. ரங்கூன் துறையில் அவரை நாற்காலியில் தூக்கியது இதனால்தான்.

இனிப் படிப்புக்கு வருவோம்.

ரங்கூனில் கேரியின் மூத்த மகன் ஃபீலிக்ஸ் கட்டியிருந்த மிஷன் வீட்டில் தங்கினார்கள். ரொட்டி இல்லை, வெண்ணெய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. சோறும் கோழிக் குழம்பும், வெள்ளரிக்காய் போட்டு வேகவைத்த கோழியும்தான் என்று ஆன் ஊருக்கு எழுதினார். நமக்கு இதில் என்ன குறை என்று தோன்றலாம். வாழ்நாளெல்லாம் ரொட்டி தின்றவருக்குத்தான் அது தெரியும்.

பர்மிய ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, மாணவர்களுக்குப் பர்மியம் ஒரு சொல் தெரியாது. கண்ணில் பட்ட பொருளைச் சுட்டிக் காட்டுவது, அவர் சொல்லும் பெயரைத் திருப்பிச் சொல்வது, இதுதான் பாடம். அகராதியும் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் இல்லை. பெயர்ச்சொல் வரைக்கும் விரல் போதும். மேசையைச் சுட்டலாம். ‘நேற்று’ என்பதை எப்படிச் சுட்டுவது? ‘இருந்தால்’ என்பதை?

முதலில் அந்த ஆசிரியர் ஆனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தார் போலும். பெண் எழுந்து போகிற பாடாய் இல்லை. நாளாக ஆக, கணவருக்குச் சொன்னதைப் போலவே மனைவிக்கும் மனமுவந்து சொல்லிக்கொடுத்தார். ஆன் இதைக் கோபமில்லாமல், லேசான குறும்போடுதான் எழுதியிருக்கிறார்.

பர்மிய எழுத்து வட்டம் வட்டமாக இருக்கும். ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஓடும். எங்கே ஒரு சொல் முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்பது வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் வெளிச்சம். ஓலை, கீறல், சீர்பிரிப்பு என்று நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும். வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும், உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ஒரு தமிழர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்த மட்டில் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். குரல் ஏறி இறங்கினால் பொருள் மாறுவது மட்டும் அவரையும் ஆட்டிவைத்திருக்கும். பிரெஞ்சு மொழியில் இரண்டே மாதத்தில் வந்த பழக்கம் பர்மியத்தில் இரண்டு வருடத்திலும் வரவில்லை என்று அடோனிராம் 1816-ல் எழுதினார். அவர் மந்த புத்திக்காரர் அல்ல. சிறு வயதிலேயே படிப்பில் பெயர் வாங்கியவர்.

என் விஷயம் இங்கேதான் இருக்கிறது. இருவரும் ஒரே ஆசிரியரிடம் படித்தார்கள். அடோனிராம் மேசையை விட்டு எழாமல் நாள் முழுக்கப் படித்தார். மொழியின் கட்டமைப்பு அவருக்குப் பிடிபட்டது. ஆனுக்கோ வீட்டு நிர்வாகம் இருந்தது. வேலைக்காரர்களிடம் பேச வேண்டும், காய்கறி வாங்க வேண்டும், வந்தவர்களை உட்கார வைக்க வேண்டும். ஆரம்பத்தில் இவையெல்லாம் படிப்புக்கு இடைஞ்சல் என்றுதான் நினைத்தார். கடைசியில், பேசுவதிலும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் தான் கணவரை முந்திவிட்டதாக அவரே எழுதினார். இடைஞ்சல்தான் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

எங்கள் தெருவில், 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெரியவருக்குப் பர்மிய எழுத்து வாசிக்க வரும். பெரியம்மாவுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் கனவில் அவர் பர்மியத்தில் பேரம் பேசுவதைத் தன் காதால் கேட்டதாகப் பெரியவர் சொல்வார். சொல்லும்போது ஒரு பொறாமை தெரியும்.

ரங்கூன் ஆளுநரின் மனைவியைப் பார்க்க ஆன் போனார். வெளியே வந்த அந்த அம்மாள் நல்ல பட்டுடுத்தி, வாயில் நீண்ட வெள்ளிச் சுங்கானோடு வந்தார். நீ உன் கணவருக்கு முதல் மனைவியா என்று கேட்டார். பல மனைவியரில் மூத்தவளா என்பது கேள்வியின் உட்பொருள். ஆளுநர் வீட்டோடு ஏற்பட்ட இந்தப் பழக்கம் பின்னால் கைகொடுத்தது. 1815 ஜனவரியில் உடல்நிலை மோசமாகி ஆன் வைத்தியத்துக்காகச் சென்னைக்குத் தனியாகக் கப்பலேறினார். பர்மியப் பெண்கள் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆனாலும் துணைக்கு ஒரு பர்மியப் பெண்ணை அழைத்துப்போக ஆளுநர் அனுமதித்தார். சென்னையில் மருத்துவம் பார்த்தவர், அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த பிறகு, செப்டம்பர் 11-ல் ஒரு மகன் பிறந்தான். ரோஜர் என்று பெயர் வைத்தார்கள். எட்டு மாதம்கூட முழுதாக நிறையாமல் 1816 மே 4-ல் இறந்தான்.

இவர்கள் கொண்டுவந்த செய்தியைப் பற்றி என் கருத்தையும் மறைக்க வேண்டியதில்லை. புத்தரை வணங்குகிற ஒரு முழு நாடும் நரகத்துக்குப் போகிறது என்று நம்பியே இவர்கள் கப்பலேறினார்கள். கடிதங்களில் அந்த மக்களைப் பற்றி வருகிற சில சொற்களை இன்று வாசிக்கக் கூசும். என்றாலும், ஒரு மொழியை அதன் சொந்தக்காரனிடம் பிள்ளைபோல் உட்கார்ந்து கற்கிறவன் அவனை முழுக்கத் தாழ்வாக நினைத்துக்கொண்டே இருக்க முடியாது. நினைப்பு ஒரு பக்கம் போகும், நாக்கு ஒரு பக்கம் போகும். கடவுளைக் குறிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட பர்மியச் சொல்லில் ‘பயா’ இருக்கிறது. புத்தரையும் பகோடாவையும் குறிக்கிற அதே சொல். ‘ஆண்டவன்’ என்ற பொருளில் ‘தகின்’ சேர்த்து ‘பயா தகின்’ ஆக்கினார்கள். யாரை மறுக்க வந்தார்களோ அவருடைய சொல்லைக் கடன் வாங்காமல் முதல் வாக்கியத்தைக்கூட எழுத முடியவில்லை. தேவனா, சர்வேசுரனா, பராபரனா, கடவுளா என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட அவதிக்கு இது அண்ணன் தம்பி.

1816-ல் ஜார்ஜ் ஹஃப் என்பவர் செராம்பூரிலிருந்து அச்சு இயந்திரத்தோடு வந்தார். ஒரு துண்டுப் பிரசுரமும் ஒரு வினாவிடையும் அச்சாயின. மத்தேயு சுவிசேஷ மொழிபெயர்ப்பு 1817 மே மாதம் முடிந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அடோனிராம், பர்மியம் பேசும் கிறிஸ்தவர் யாராவது துணைக்குக் கிடைப்பார்களா என்று தேடி, சிட்டகாங்குக்குக் கப்பலேறினார். மூன்று மாதத்தில் திரும்புவதாகத் திட்டம். காற்று வேறு திட்டம் போட்டது. கப்பல் சிட்டகாங்கை அடையவே முடியாமல் அலைக்கழிந்து, அவர் வந்து இறங்கியது மசூலிப்பட்டினத்தில். அங்கிருந்து ரங்கூன் போகும் கப்பலைத் தேடித் தரைவழியே சென்னை. மூன்றாவது முறையாக இந்தக் குடும்பத்தின் கதை நம் ஊர் வழியே போகிறது. இங்கேயும் கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்.

ரங்கூனில் ஆனுக்கு இது எதுவும் தெரியாது. சிட்டகாங்கிலிருந்து வந்த படகுக்காரர்கள், அப்படி ஒரு கப்பல் அங்கே வரவே இல்லை என்றார்கள். நகரத்தில் காலரா. பேயை விரட்ட வீடு வீடாகத் தட்டி ஓசை எழுப்பினார்கள், பீரங்கி வெடித்தார்கள். ஆங்கிலேயரோடு சண்டை வரும் என்று வதந்தி. ஹஃபை விசாரணைக்கு இழுத்தார்கள். அவருக்குப் பர்மியம் சரியாக வராது. அப்போது ஆனின் ஆசிரியர் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். ஆன் அதை எடுத்துக்கொண்டு நேரே ஆளுநரிடம் போனார். தொல்லை நின்றது. முன்னொரு நாள், பெண்ணுக்குப் பாடமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த வகுப்பு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

ஹஃப் குடும்பம் வங்காளத்துக்குக் கிளம்பியது. ஆனும் 1818 ஜூலையில் அரைமனதோடு கப்பலேறினார். சரக்கைச் சரியாக அடுக்காததால் கப்பல் கடலில் இறங்கத் தோதாக இல்லை என்று நடுவில் நிறுத்தினார்கள். ஆன் இறங்கிவிட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்குத் திரும்பி வந்தார். கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. விட்ட பாடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதே ஜூலையின் 20-ம் தேதி அடோனிராமுக்குச் சென்னையில் கப்பல் கிடைத்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ரங்கூனில் சயாமியர் பலர் இருந்தார்கள். ஆன் அவர்கள் மொழியையும் படித்திருந்தார். வினாவிடையைச் சயாமியத்தில் பெயர்த்தார், மத்தேயுவையும் பெயர்த்தார். அந்த வினாவிடை 1819-ல் செராம்பூரில் அச்சாயிற்று. தாய்லாந்து எழுத்தில் அச்சான முதல் நூல் அது.

அதே 1819 ஏப்ரலில், பகோடாவுக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு சயாத் கட்டினார்கள். நம் ஊர் வழிப்போக்கர் சத்திரம் மாதிரி, முன்பக்கம் திறந்து கிடக்கும் ஓலைக்கூரை மண்டபம். ஆறு வருடம் படித்த பிறகு அடோனிராம் அங்கே உட்கார்ந்து முதல்முறையாகப் பொதுவில் பர்மியத்தில் பேசினார். வந்தவர்கள் பெரியவர்கள் ஒரு பதினைந்து பேர், மற்றபடி குழந்தைகள். யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரே சத்தம்.