யார் ஊர் மரக்கால்?



உளவியல் மாணவர்கள் ஆய்வேட்டுக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய் வினாத்தாள் நிரப்பி வாங்குகிறார்கள். அவற்றில் ஒரு வகையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். சைக்கோசிஸ் எனும் கடும் மனநோய் இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய மன இயல்புள்ள இளைஞர்களை முன்னதாகவே கண்டுகொள்ளப் பார்க்கும் வினாத்தாள்கள் அவை. அந்த இயல்புக்கு ஸ்கீசோடைப்பி என்று பெயர். அவ்வகை நோயான மனச்சிதைவுக்கு இடம்கொடுக்கும் பலவீனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது, அவர்களிலும் சிலர்தான் நோயாளி ஆகிறார்கள் என்று 1962-இல் அமெரிக்க உளவியலாளர் பால் மீல் வாதிட்டார். நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் முடிவிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவதால், கல்லூரி மாணவர்களே ஆய்வாளர்களுக்கு வாய்ப்பாகப் போனார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதியர் இதற்கு அளவுகோல்கள் செய்தனர். 1978-இல் வந்தது புலன் பிறழ்ச்சியை அளப்பது: கை கால் தன்னுடையதாகத் தோன்றாமல் போவது, உடம்பின் அளவு மாறியதாகத் தெரிவது போன்றவை. 1983-இல் எக்பிளாடும் லோரன் சாப்மனும் வெளியிட்டது மாய எண்ணத்தை அளப்பது. முப்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை. கவனமில்லாமல் டிக் அடிப்பவர்களைப் பிடிக்கவும் தனியாகச் சில வாக்கியங்கள் வைத்திருந்தார்கள். என்னைவிட நன்றாக உடுத்தியவர்களை நான் பார்த்ததுண்டு என்பதற்கு ஒருவர் ‘இல்லை’ போட்டால், அவர் படிக்காமலே போட்டிருக்கிறார் என்று அர்த்தம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. நம் மாணவர்களிடம் இதற்கு நேர்மாறான பொறியும் வேண்டும். வாத்தியார் கொடுத்த தாளில் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடுகிற மரியாதை நம்மிடம் அதிகம்.

சாப்மன் தம்பதியர் அளந்ததோடு விடவில்லை. அதே மாணவர்களைப் பத்தாண்டு கழித்துத் தேடிப்போய்ப் பார்த்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த இரு அளவுகோல்களில் ஒன்றிலோ இரண்டிலுமோ உயர்ந்த மதிப்பெண் பெற்ற 182 பேரில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குச் சைக்கோசிஸ் வந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவைவிட இது அதிகம். ஆகவே அளவுகோல் எதையோ தொடுகிறது. ஆனால் மீதிப் பத்தொன்பது பேர்? அவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. ஒரு பையனின் மதிப்பெண்ணைப் பார்த்து விடுதிக் காப்பாளரிடம் ஓடும் ஆய்வாளர், பத்தொன்பது முறை தவறு செய்து ஒருமுறை சரியாக இருப்பார்.

இனி நம் ஊருக்கு வருவோம். அந்த மாய எண்ணத் தாளில் கேட்கப்படுவதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். செத்தவர்களின் ஆவி இருப்பவர்களை என்னவாவது செய்யுமோ என்று யோசித்ததுண்டா? ஜாதகம் சொன்னது தற்செயல் என்று தள்ளமுடியாத அளவுக்குப் பலித்ததுண்டா? கெட்ட நினைப்பாலேயே பிறருக்குத் தீங்கு வருமா? கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்கும் ஊரில் இந்த மூன்றுக்கும் ‘ஆமாம்’ சொல்லாதவர்தான் விசித்திரமானவர். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டத்தில் இந்தத் தாளைக் கொடுத்தால் பாதிப்பேர் ஆபத்துப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறிய காலத்தில், யார் ஊர் மரக்கால் என்று கேட்காமல் எவரும் நெல் அளந்து வாங்கியதில்லை.

பழைய தென்னார்க்காட்டில், இந்தச் செஞ்சி வட்டாரத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். பேய் பிடித்ததாக அழைத்து வரப்படுவோரில் புதிதாக மணமான இளம்பெண்கள் மிகுதி என்பதையும், பிடித்ததாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் அகாலத்தில் செத்த வாலிபனின் ஆவி என்பதையும் அவர் பதிவு செய்தார். பேயோட்டும் பம்பைக்காரர் பம்பை மேளம் அடித்துப் பாடி, பேயிடம் கேட்கிறார்: நீ யார், எங்கே பிடித்தாய், ஏன் பிடித்தாய்? கடைசியில் ஒரு கொத்து முடியை மரத்தில் ஆணியடிக்கிறார்கள். இதில் குணம் உண்டா என்பது வேறு விவாதம். பம்பைக்காரரின் கேள்விகளுக்கு ஒரு கதைதான் பதிலாக வரும். வேண்டாத கல்யாணமும் அந்நிய வீடும் அதில் வெளிப்படலாம். ஆமாம், இல்லை என்ற கட்டத்தில் அது அடங்காது.

நம்பிக்கையை ஊர் வழக்கத்தோடு வைத்தே பார்க்க வேண்டும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடே உணர்ந்திருக்கிறது. ஒருவரின் நம்பிக்கை அவர் வாழும் சமூகக் குழுவின் வழக்கத்துக்குப் பொருந்தாததாக இருந்தால்தான் அதை அறிகுறியாகக் கணக்கில் சேர் என்கிறது. வினாத்தாளில் அந்த நிபந்தனைக்கு இடமே இல்லை. ஆகவே இங்கே ஆய்வு செய்பவர் முதலில் இங்குள்ள நூற்றுக்கணக்கானவர்களிடம் அளந்து, நம் சராசரி என்ன என்று கண்டாக வேண்டும். மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. புலன் பிறழ்ச்சிக் கேள்விகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தன் கை தன்னுடையதில்லை என்று தோன்றுவதை எந்தக் கோயிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அளந்த பின் சாப்மன் தம்பதியரைப் போல மனிதரைப் பின்தொடரவும் வேண்டும். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய, மனச்சிதைவை ஆராயும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தே நினைக்கப்படுவது சென்னையின் நெடுங்கால ஆய்வு. முதன்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரை 1980-களின் தொடக்கம் முதல் பல பத்தாண்டுகள் டாக்டர் தாராவும் சகாக்களும் பின்தொடர்ந்தனர். மனிதரை விடாமல் பார்ப்பது எவ்வளவு கற்றுத்தரும் என்பதற்கு நம்மிடமே உள்ள சான்று அது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பேயை நம்புகிறதா என்று பார்க்காதீர்கள். முன்பு இருந்ததற்கு மாறாக வாரக்கணக்கில் தூங்காமல், படிப்பை விட்டு, யாரோ பேசுவது கேட்கிறது என்று ஒதுங்கினால் அதைப் பாருங்கள். மலையனூருக்குப் போவதை நான் தடுக்கவில்லை. போய்வந்த கையோடு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போங்கள். சங்கிலியால் மட்டும் கட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்படிக் கட்டுவதையே தடைசெய்கிறது. உடனே போக வழியில்லாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.