நாஸ் சர்வருக்கு பூட் டிரைவ்: சின்னது போதும், சாவி வெளியே இருக்கணும்

வீட்டில் நாஸ் சர்வர் கட்டுற பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். மதர்போர்டில் நாலு சாட்டா போர்ட், நாலிலும் ஹார்ட் டிஸ்க் போட்டாச்சு. அப்போ ஓஎஸ்ஸை எதில் இன்ஸ்டால் பண்றது? இன்னைக்கு ட்ரூநாஸை வச்சே இதைப் பார்க்கலாம்.

முதல் விஷயம், ட்ரூநாஸில் பூட் டிரைவ் ஓஎஸ்ஸுக்கு மட்டும்தான். மிச்சம் இருக்கிற இடத்தில் உங்க ஃபைல்களை வைக்க முடியாது. 1 டிபி எஸ்எஸ்டி போட்டா பெரும்பகுதி சும்மா கிடக்கும். 16 ஜிபியிலேயே இன்ஸ்டால் ஆகும். ஆனா ஒவ்வொரு அப்டேட்டிலும் பழைய வெர்ஷனையும் வச்சிருக்கும், ஏதாவது சொதப்பினா திரும்பிப் போறதுக்காக. அதனால 64 அல்லது 128 ஜிபி இருந்தா நிம்மதி. வேகம் முக்கியமே இல்லை. ஃபைல் காப்பி ஆகுற வேகத்தை முடிவு பண்றது உங்க ஹார்ட் டிஸ்க்கும் நெட்வொர்க்கும்தான்.

அப்போ பென்டிரைவ் போதாதா? அன்ரெய்டுக்கு அது சரி. பூட் ஆகும்போதே ஓஎஸ்ஸை ரேமில் ஏத்திக்கும், அதுக்கப்புறம் பென்டிரைவில் அதிகம் எழுதாது. ட்ரூநாஸ் அப்படி இல்லை. லாக், செட்டிங்ஸ்னு எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும். சாதாரண பென்டிரைவ் அதைத் தாங்குற மாதிரி செய்யப்பட்டது இல்லை, சீக்கிரம் தேஞ்சிடும்.

என் சாய்ஸ், ஒரு சின்ன எம்.2 எஸ்எஸ்டி. அதில் 2280, 2242, 2230னு நம்பர் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் அகலம், அடுத்த ரெண்டு நீளம், மில்லிமீட்டரில். 2230ன்னா 22 மிமீ அகலம், 30 மிமீ நீளம். லேப்டாப் அப்கிரேட் பண்ணும்போது கழட்டி வச்ச 128 ஜிபி டிரைவ் இருந்தா அதுவே தாராளம். ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு மட்டும் பார்த்துக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மதர்போர்டு மேனுவலைப் படிங்க. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டா ஒரு சாட்டா போர்ட் ஆஃப் ஆகிடும். போர்ட்டை மிச்சப்படுத்தத்தானே இவ்வளவும்! எம்.2 ஸ்லாட்டே இல்லைன்னா, யுஎஸ்பி என்க்ளோஷரில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போடலாம். பென்டிரைவை விட அது எவ்வளவோ மேல்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். பூட் டிரைவ் செத்துட்டா என்ன ஆகும்? உங்க போட்டோ, வீடியோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்குகளில் பத்திரமா இருக்கும். புது டிரைவில் இன்ஸ்டால் பண்ணி, பூலை இம்போர்ட் பண்ணி, சேமிச்சு வச்ச கான்ஃபிக் ஃபைலை ஏத்தினா பழையபடி ஓடும். அதனால வீட்டுக்கு ரெண்டு பூட் டிரைவ் போட்டு மிரர் பண்ணணும்னு அவசியம் இல்லை.

ஆனா என்க்ரிப்ஷன் போட்டிருந்தா கதையே வேற. பாஸ்ஃபிரேஸ் இல்லாம கீ முறையில் என்க்ரிப்ட் பண்ணியிருந்தா, அந்தக் கீ இருக்கிறது பூட் டிரைவில். வெளியே காப்பி இல்லாம அது போயிடுச்சுன்னா, ஹார்ட் டிஸ்க் நாலும் நல்லா இருந்தும் ஒரு போட்டோவைக்கூடத் திறக்க முடியாது. எந்த டேட்டா ரெக்கவரி கடைக்குப் போனாலும் பலன் இல்லை.

அதனால கான்ஃபிக் டவுன்லோட் பண்ணும்போது 'எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட் சீக்ரெட் சீட்' டிக்கைப் போடுங்க. அது இல்லாம எடுத்த பேக்கப்பைப் புது டிரைவில் ஏத்தினா, உள்ளே இருக்கிற கீயைப் படிக்க முடியாது. என்க்ரிப்ஷன் கீயையும் தனியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. இந்த ரெண்டு ஃபைலையும் அதே நாஸில் வைக்காதீங்க, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வச்சுப் பூட்டின மாதிரி ஆகிடும். செட்டிங் மாத்தும்போதும், அப்டேட்டுக்கு முன்னாடியும் புதுசா ஒரு காப்பி எடுத்துடுங்க.

டிரைவ் வாங்க ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, இன்னைக்கே அந்தக் காப்பியை எடுத்து வைங்க.