பனிப்பலகை ஏறுமுன்



வெண்பனி விழாத நாட்டில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் பனி என்கிறோம். காசுமீரத்தில் இடுப்பளவு குவிந்து கிடப்பதையும் பனி என்கிறோம். ஒரே சொல் இரண்டையும் சுமக்கின்றது. ஆயினும் அண்மைக் காலத்தில் குளிர்கால விடுமுறையில் வடக்கே சென்று, ஸ்னோபோர்டு என்னும் பனிப்பலகையின் மேல் நின்று சறுக்கிப் பழக விரும்பும் இளைஞர் நம்மிடையே பெருகி வருகின்றனர். அவர்களுள் சிலர் என்னிடம் வந்து முதலில் கேட்கும் கேள்வி, “எந்தப் பலகை வாங்கலாம்?” என்பது. எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் விடை. அதற்குரிய காரணத்தைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இப்பலகையின் வரலாறு மிகப் பழையதன்று. 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்தார். கடலலையின் மீது பலகையில் நின்று செல்வோரைப் போலக் குழந்தைகள் அதன்மேல் பக்கவாட்டில் நின்று சறுக்கினர். அவர் மனைவி அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயரிட்டார். பின்னர் 1977-ல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் வெர்மான்ட் மாநிலத்தில் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். பாதங்களைப் பலகையோடு இறுகக் கட்டும் முறையை வளர்த்தவர்களுள் அவர் ஒருவர். மலைச்சரிவுகளை நடத்தியோர் நெடுநாள் வரையில் இவ்விளையாட்டை உள்ளே விடவில்லை. முரட்டுப் பிள்ளைகளின் கூத்து என்றே கருதினர். 1998-ல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அதற்கு இடம் கிடைத்தது.

பாதங்களைக் கட்டுவது என்று சொன்னேன் அல்லவா? இன்பமும் இடரும் அங்கேதான் தோன்றுகின்றன. இரண்டு கட்டைகளின்மேல் சறுக்குகிறவனுக்கு ஒரு கால் தவறினாலும் மற்றொரு கால் துணை நிற்கும். பலகைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய இரு பாதங்களும் ஒரே பலகைக்குக் குறுக்காகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பலகையின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. குதிகாலை அழுத்தினால் ஒரு விளிம்பும், கால்விரல்களை அழுத்தினால் மற்றொரு விளிம்பும் பனியில் பதியும். குறுக்காக இறங்கும்போது மலையின் மேற்பக்கத்து விளிம்பில் நிற்கும் வரையில் அச்சமில்லை. கீழ்ப்பக்கத்து விளிம்பு சற்றே தாழ்ந்து பனியைக் கடித்துவிட்டால், பலகை அக்கணமே நின்றுவிடும், உடல் நிற்காது. முன்புறமாக விழுந்தால் கைகளும், பின்புறமாக விழுந்தால் இடுப்பெலும்பும் பிடரியும் அடியைத் தாங்க வேண்டிவரும். புதிதாகப் பழகுவோர்க்கு மிகுதியாகக் காயமுறும் உறுப்பு மணிக்கட்டு என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றுவது மனித இயல்பு. அந்த இயல்பை மாற்றி, கையை முட்டியாக மடக்கிக்கொண்டு முன்கை முழுவதும் படுமாறு விழப் பழக வேண்டும். பொறியியலோ மருத்துவமோ படிக்கும் மாணவன் ஒருவன் தேர்வுக்கு முன் வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டு ஊர் திரும்பினால், அவன் இழப்பது விடுமுறையை மட்டும் அன்று.

ஆகவே செலவுக் கணக்கை எழுதும்போது முதல் வரியில் பலகையை எழுதாதீர்கள், ஆசிரியரை எழுதுங்கள்.

நான் நன்கறிந்த இடம் குல்மார்க். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில், கிண்ணம்போல் அமைந்த புல்வெளி அது. குளிர்காலத்தில் அக்கிண்ணம் நிறைய வெண்பனி நிரம்பும். இந்திய அரசின் சுற்றுலாத் துறை 1968-ல் தோற்றுவித்த பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. தனிப்பட்ட முறையில் கற்பிக்கும் உள்ளூர் ஆசிரியர்களும் பலர் உண்டு. எனக்குக் கற்பித்தவர் அத்தகைய ஒரு முதியவர். ஃபெரான் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்கிரிச் சட்டியின் கனலை அணைத்துக்கொண்டு வந்து நிற்பார். முதல் நாள் காலையில் அவர் பலகையைத் தொடவே விடவில்லை. பனியில் நடக்கவும், விழவும், கையை ஊன்றாமல் எழவும் செய்தார். பிறகு ஒரு காலை மட்டும் பிணைத்து, மறு காலால் உந்திச் செல்லச் செய்தார். பிற்பகலில் குதிகால் விளிம்பில் நின்று மெல்லமெல்ல வழுக்கி இறங்கினேன். இரண்டாம் நாள் கால்விரல் விளிம்பு. அப்பொழுது முகம் மலையை நோக்கியிருக்கும். போகும் திசையோ முதுகுக்குப் பின்னால் இருக்கும். மரத்திலிருந்து உதிரும் இலை இப்பக்கமும் அப்பக்கமுமாக அசைந்து இறங்குவதுபோல ஒரே விளிம்பில் ஊசலாடி இறங்கும் பயிற்சி அதற்கடுத்தது. மூன்றாம் நாள் மாலையில்தான் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு விழாமல் திரும்பினேன். அந்த ஒரு திருப்பத்தில் கிடைத்த களிப்பை இந்த ஒலிவாங்கியின் முன் விவரிக்க இயலாது, முயலவும் மாட்டேன்.

இதில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. முதல் இரண்டு நாட்கள் பெரும்பாலும் விழுவதற்கே சரியாகிவிடும். மூன்றாம் நாளில்தான் விளையாட்டு தொடங்கும். குல்மார்க்குக்கு ஒரே நாளை ஒதுக்கும் சுற்றுலாத் திட்டத்தில் சேர்கிறவர், விழுவதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, எழுவதற்கு முன்பே வண்டி ஏறிவிடுகிறார். இத்தகைய குழுக்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். நண்பகலில் வருவார்கள், மாலை நான்கு மணிக்குள் நனைந்து நடுங்கிக்கொண்டு திரும்புவார்கள், ‘இஃது நமக்கு ஏற்ற விளையாட்டன்று’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். பனியின்மேல் நான்கு நாட்களாவது கிடைக்காவிட்டால் அவ்வாண்டு போகாமல் இருந்து, மறு ஆண்டுக்குப் பணம் சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

நாட்களைக் கூட்டச் சொல்லுகிறேன். பணத்திற்கு எங்கே போவது? குறைக்கக்கூடிய இடங்கள் சில உள. பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஸ்ரீநகருக்கு டில்லி வழியாக விமானத்தில் ஒரே நாளில் போகலாம். கட்ரா வரையில் செல்லும் அந்தமான் விரைவு வண்டியில் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்; கட்டணமோ விமானத்தில் ஒரு சிறு பகுதிதான். செனாப் ஆற்றுப் பெரும்பாலத்தின் மீது கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் மாதம் தொடங்கிய இரயில் சேவை, மாணவர்களுக்குக் கிடைத்த நற்பேறு எனலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அடிவாரத்து ஊராகிய தங்மார்க்கிலிருந்து மேலே செல்லும் 13 கிலோமீட்டர் மலைப்பாதையில், கடும்பனிக் காலத்தில் சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டிகளோ நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளோதான் ஏற முடியும். தங்மார்க்கில் தங்கி நாள்தோறும் காலையில் மேலே செல்வோர்க்கு விடுதிச் செலவு வெகுவாகக் குறையும்.

இன்னொரு பெருஞ்செலவைத் தொடக்க மாணவன் அறவே விட்டுவிடலாம். குல்மார்க்கில் கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி இருக்கிறது. அதன் முதற்பகுதி 1998-ல் திறக்கப்பட்டது. 2005-ல் திறக்கப்பட்ட இரண்டாம் பகுதி அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கே சென்று படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் ஆவல் பிறக்கும். ஆனால் மேலேயுள்ள சரிவுகள் தேர்ந்தோர்க்கு உரியவை. பலகையோடு அங்கே ஏறும் புதியவன் காற்றின் மென்மையால் மூச்சு வாங்குவான். இறங்குவதற்கு ஏற்ற வழியையும் காணமாட்டான். 2023 பிப்ரவரியில் அம்மலைச்சரிவில் பனிப்பாறை சரிந்து போலந்து நாட்டினர் இருவர் மாண்டனர்; 2024 பிப்ரவரியில் குல்மார்க்கின் மேற்சரிவில் ரஷ்யர் ஒருவர் அதேபோல் உயிரிழந்தார். அவ்விரு முறையும் பனிச்சறுக்குக்காகச் சென்றவர்களே அவர்கள். கயிறு கட்டி ஒதுக்கிய எல்லைக்கு அப்பால் போகலாகாது என்னும் விதி அச்சுறுத்துவதற்காக எழுதப்பட்டது அன்று. கீழேயுள்ள கிண்ணத்துச் சிறு மேடுகளே நான்கு நாட்களுக்குப் போதும். அங்கே ஏறிச்செல்லக் கட்டணம் சிறிது, அல்லது சொந்தக் கால்களே உண்டு.

இனிப் பலகைக்கு வருவோம். அமெரிக்கக் கடைகளில் தொடக்கநிலைப் பலகை ஒன்று 300 டாலர் முதல் 450 டாலர் வரை விற்கிறது. காலணியும் பிணைப்பும் சேர்ந்தால் மொத்தம் இருமடங்காகும். இறக்குமதி வரியும் சுமைக்கூலியும் வேறு. ஆண்டுக்கு நான்கு நாள் விளையாடுகிறவனுக்கு அது வீண். வாடகைக்கு எடுப்பதே முறை. ஆனால் வாடகைக் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறுத்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருக்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். உண்மையில் பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் நீளம் பொருந்தும். புதியவர் அதனினும் சற்றுக் குட்டையாக எடுத்தால் திருப்புவது எளிது. கையால் வளைத்துப் பாருங்கள். விறைப்பானது வேகத்திற்கு உரியது; இளக்கமானது தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அடுத்து, தரையில் வைத்துப் பக்கவாட்டில் நோக்குங்கள். சில பலகைகள் வில்போல் நடுவில் உயர்ந்திருக்கும். சில தோணிபோல் இருமுனைகளும் உயர்ந்திருக்கும். சில தட்டையாக இருக்கும். வில்வடிவம் பனியை நன்றாகப் பற்றும், அதனாலேயே புதியவனை எளிதில் கவிழ்க்கும். தோணி வடிவமோ தட்டையோ கேட்டு வாங்குங்கள். பாதம் பெரியவர்கள் அகலத்தையும் பார்க்க வேண்டும். காலணியின் நுனி விளிம்புக்கு வெளியே மிகுதியாக நீண்டால் திரும்பும்போது பனியில் இடிக்கும்.

காலணியின் பொருட்டு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். இருக்கும் பலகைகளில் ஒன்றை எடுத்துக் காலணியை ஏதோ ஓர் அளவில் மாட்டிவிடும் கடைகளும் உண்டு. அங்கே ஒரு நாழிகை நின்று வாதாடுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. எழும்பினால் நீங்கள் அழுத்துவது பலகைக்கு எட்டாது.

விலைக்கு வாங்கத் தக்கவை மூன்று: மணிக்கட்டுக் காப்பு, உள்ளே அணியும் கம்பளி உடை, கறுப்புக் கண்ணாடி. தலைக்கவசமும் நீர்புகாத கால்சட்டையும் வாடகைக்குக் கிடைக்கும். பருத்தியாடையை அங்கே மறந்துவிடுங்கள். நனைந்த ஜீன்ஸ் காற்றில் பலகைபோல் விறைத்துவிடும். வெண்பனி வெயிலைத் திருப்பி வீசுவதால் முகம் கறுத்துத் தோல் உரியும். கண் கூசி வலிக்கும். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று வீரம் பேசுவோரின் மூக்கை மூன்றாம் நாள் பார்க்க வேண்டும்!

எப்போது போவது? டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைச் ‘சில்லை கலான்’ என்று காசுமீரத்தார் அழைக்கின்றனர். கடுங்குளிர்ப் பருவம் அது. வழக்கமாக அதன் பிற்பகுதியும் பிப்ரவரியும் ஏற்றவை. ஆனால் வழக்கத்தை இப்பொழுது முழுதும் நம்புவதற்கில்லை. 2024 ஜனவரியில் பெரும்பகுதி குல்மார்க்கில் பனியே இல்லை. பழுப்புப் புல்தான் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிக் குறைவால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. எனவே பணம் திரும்பப் பெறும் வகையில் முன்பதிவு செய்யுங்கள். 2025 ஏப்ரலில் பகல்காமில் நிகழ்ந்த கொடுமையை எண்ணி, புறப்படுமுன் அரசின் அறிவிப்புகளையும் பாருங்கள். காப்பீட்டுப் பத்திரம் பனி விளையாட்டுக் காயங்களுக்குப் பொறுப்பேற்கிறதா என்று சிறிய எழுத்துகளையும் படித்தறிய வேண்டும்.

ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. சிலர் இடக்காலை முன்வைத்து நிற்பர்; சிலர் வலக்காலை. பிணைப்புகளை அதற்கேற்பத் திருப்பிப் பொருத்த வேண்டுமாகையால், கடைக்காரர் முதலில் இதைத்தான் கேட்பார். இதை அறியப் பனி வேண்டியதில்லை. விடுதியின் வழவழப்பான தரையில் காலுறையோடு நாலடி ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னே வரும் கால் எதுவோ அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விடுதிக் காப்பாளர் அப்பக்கம் வராத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.