பயந்த நாய்க்கு ஒரு பொறுமையான அகம்

(மட்டாஞ்சேரியில் நடந்த உறுப்பினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நம் சபையில் நாய்க்கு என்ன ஓய் வேலை?" என்று ஒரு மாமா கேட்டார். மகாபாரதத்தில் என்ன வேலையோ அதே வேலைதான் என்றேன். மகாபாரதம் முடியும் தறுவாயில் வருகிற நாயை எல்லோருக்கும் தெரியும். கூடவே வந்த நாயை விட்டுவிட்டு சுவர்க்கத்துக்கு வர முடியாது என்று தர்மபுத்திரர் இந்திரனிடமே மறுத்துவிட்டார். ஆதி பர்வத்தில் கதை தொடங்குகிற இடத்திலும் ஒரு நாய் வருகிறது. அதை நாம் மறந்துவிட்டோம். ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்யும்போது அங்கே வந்த ஒரு நாய்க்குட்டியை அவனுடைய தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். ஹவிஸை அது தொடவில்லை, பார்க்கக்கூட இல்லை. அழுதுகொண்டு தாயிடம் ஓடுகிறது. தாய் சரமை யாகசாலைக்கே வந்து நியாயம் கேட்கிறாள். பதில் வரவில்லை. எதிர்பாராத பயம் உங்களை வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். எத்தனையோ சாபம் இருக்க அவள் பயத்தைக் கொடுத்தாள். தன் குட்டியின் கண்ணில் அதைத்தான் அவள் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் குட்டியின் வாரிசுகள் நம் ஊரிலும் இருக்கின்றன. 2020 டிசம்பரில் நெடும்பாசேரி பக்கத்தில் ஒரு நாயைக் காரில் கயிற்றால் கட்டி ரோட்டில் இழுத்துக்கொண்டு போனதை நாடே பார்த்தது. பின்னால் வந்தவர் ஒருவர் படம் எடுத்துத் தடுத்ததால் அது பிழைத்தது. 2021 ஜூனில் திருவனந்தபுரம் அடிமலத்துறை கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடாரை அடித்தே கொன்றார்கள். காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்தில் இருக்கிற நம் ஹைகோர்ட் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, அந்த வழக்குக்கு புரூனோவின் பெயரையே வைத்தது. வளர்ப்பு நாய்களை உள்ளாட்சி அமைப்புகளில் பதிவு செய்ய வேண்டும் என்று அதே வழக்கில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடை செய்ய முடியாது என்றும் தீர்ப்புச் சொன்னது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்பது அதன் சாரம். நாய்க்கடிக்கும் ரேபீஸுக்கும் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கேரளத்தில் உண்டு. அவர்கள் வேதனையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால், வீட்டுக்குள்ளேயே இருந்து பழகாத நாய்கள் இனி காப்பகத்தில் அதிகம் வரும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிற குட்டியை யாராவது அழைத்துப் போய்விடுவார்கள். மூலையில் சுவரைப் பார்த்து, வாலைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாயிடம் யாரும் நிற்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "இதுக்கு நம்மளைப் பிடிக்கலை" என்று நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கொட்டாவிக்குத் தூக்கமோ அலட்சியமோ காரணம் இல்லை. பயந்த நாய்களின் பாஷை அது.

பயம் எங்கிருந்து வருகிறது? நாய்க்குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது மனுஷக் கையின் பிரியத்தை அறியாத குட்டிக்குப் பிறகு எல்லாக் கையும் அபாயமாகத் தெரியும். அடிபட்ட அனுபவமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திட்டினாலோ அடித்தாலோ இந்தப் பயம் இன்னும் முற்றும். நாய் கடிப்பதும் பெரும்பாலும் தப்பிக்க வழியில்லை என்ற பயத்தில்தான்.

இப்படிப்பட்ட நாய்க்குத் தோட்டமோ பெரிய பங்களாவோ வேண்டாம். சத்தம் குறைந்த வீடு, தினமும் ஒரே நேரத்தில் நடக்கிற காரியங்கள், தன்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு மனுஷர் இருந்தால் போதும். யோசித்துப் பாருங்கள். காலையில் அதே நேரத்துக்குக் காபி, பேப்பர், ஜபம், சாயந்திரம் அதே நேரத்துக்கு விளக்கு என்று இருக்கிற எத்தனை வீடுகள் நம் சபையில் உண்டு! பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் இரண்டே பேர். குட்டி நாயோடு ஓட நம்மால் முடியாது. மூலையில் இருக்கிற நாயோ நம்மை ஓடச் சொல்லாது.

எப்படிப் பழக்குவது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு அறை, அதில் ஒளிந்துகொள்ள மேஜைக்கு அடியில் ஒரு இடம். முதல் சில நாள் விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், கட்டிக்கொள்ளவும் வேண்டாம். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். தின்பண்டத்தைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அது தானாக வரட்டும். காப்பகக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: திகைப்பு அடங்க 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், தன் வீடு என்று நம்ப 3 மாதம். பயந்த நாய்க்கு இது போதாது. ஒரு வருஷம்கூட ஆகலாம். இன்று கதவருகே வந்தது, இன்று நாம் இருக்கும்போதே சாப்பிட்டது என்று சின்னச் சின்ன மாற்றங்களாகத்தான் முன்னேற்றம் தெரியும்.

அதிக ஆபத்து வாசல் கதவில். புது இடத்துக்கு வந்த பயந்த நாய் தப்பி ஓடினால் பிடிப்பது பிரம்மப் பிரயத்தனம். ஆகவே ஆரம்பத்தில் கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப் பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு போட்டுத்தான் வெளியே அழைத்துப் போக வேண்டும். தீபாவளி, விஷு, கோவில் உற்சவ வெடிக்கட்டு நாட்களில் உள் அறையில், ஜன்னலைச் சாத்தி வையுங்கள். ரொம்பவும் நடுங்கினால் கால்நடை டாக்டரிடம் மருந்து உண்டு. ரேபீஸ் தடுப்பூசியும் லைசென்ஸும் கட்டாயம். எந்த நாய் கடித்தாலும் பிராண்டினாலும் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

ஆசாரத்தைப் பற்றி மாமிகள் கேட்பீர்கள். மடியும் பூஜை அறையும் உங்கள் இஷ்டம்போல் இருக்கலாம். சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது என்று நாய்க்குப் பழக்க முடியும். பயந்த நாய்க்கோ எல்லை தெளிவாக இருந்தால் நிம்மதி. நம் வீட்டில் முட்டைகூடக் கிடையாதே என்றால், சைவத்திலேயே முழுச்சத்துள்ள நாய் உணவு கடையில் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். வெறும் தயிர்சாதம் மட்டும் போதாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு ஆகாது. சாம்பார் சாதமும் பாயசத்துத் திராட்சையும் பிரியமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

யார் எடுக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். தவழுகிற குழந்தை உள்ள வீடு வேண்டாம். பெண்ணின் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்கா போகப் போகிறவர்கள் வந்த பிறகு யோசிக்கலாம். எழுபது வயதுக்காரர் இரண்டு வயது நாயை எடுப்பதைவிட எட்டு வயது நாயை எடுப்பது பொருத்தம். தனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்பதைக் காப்பகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. எடுத்துப் போய் ஒரு மாதத்தில் திருப்பி விட்டால் அந்த நாய் இரண்டு மடங்கு பயந்துபோகும். ஆகவே காப்பகத்துக்கு நாலு முறை போய், அதன் அருகில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்து, பிறகு முடிவெடுங்கள். நிரந்தரமாக முடியாதவர்கள் காப்பகத்தில் பேசிவைத்துக்கொண்டு சில மாதம் மட்டும் வைத்துப் பழக்கித் தரலாம். வேறு வீட்டுக்குப் போக அதுவே பெரிய உதவி.

இது நமக்குப் புதிய காரியம் இல்லை. மதுரையில் 1904-ல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் இதற்காக வாதாடினார். 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். சென்னையில் 1959-ல் கேப்டன் சுந்தரமும் உஷா சுந்தரமும் ப்ளூ கிராஸைத் தொடங்கினார்கள். தெரு நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் முறையை 1964-லேயே அங்கே ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியம். நம்மிடம் கேட்பது ஒரு அறையும் ஒரு வருஷப் பொறுமையும்தான்.

நீங்கள் மும்பையில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காப்பகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஓடி வருகிற நாயைக் கொஞ்சிவிட்டு, மூலையில் இருக்கிற நாயின் பெயரையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.