இரவு லாரியும் எழுத்தறிவும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் லாரி ஓட்டுநர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

பட்டம் பெற்றோரும் பதவி வகிப்போரும் பேசுகின்ற இம்மேடையில், பார்சல் லாரி ஓட்டும் எங்களுக்கும் இடம் அளித்தீர்கள். நாங்கள் பேச்சாளர்கள் அல்லர். ஊர் உறங்கும் வேளையில் விழித்திருப்பதே எங்கள் தொழில். இத்தொழிலுக்கு வர எண்ணும் இளைஞர்களுக்குச் சில செய்திகளை ஒளிக்காமல் கூற விழைகிறோம்.

பத்தமடைப் பாயும், முக்கூடல் பீடிக்கட்டும், வீரவநல்லூர்ச் சேலையும், நெல்லை அல்வாவும் பகற்பொழுதில் புக்கிங் ஆபீசுக்கு வந்து சேரும். மாலையில் சுமைதூக்கும் தோழர்கள் அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து ஏற்றுவார்கள். கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏறும். முதலில் இறங்க வேண்டியது கதவோரம் இருக்கும். தார்ப்பாயை இழுத்துக் கட்டி, டிரிப் ஷீட்டையும் பில்டிகளையும் வாங்கிக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் புறப்படுவோம். மதுரைக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கங்கைகொண்டான், காற்றாலை விளக்குகள் சிவப்பாய் மின்னும் கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என ஊர்கள் கழியும். நள்ளிரவுக்கு மேல் மதுரையில் சரக்கை இறக்கி, அங்குள்ள சரக்கை ஏற்றி, விடியும்போது தாமிரபரணிக் கரைக்குத் திரும்ப வேண்டும். காலையில் கடை திறக்கும் வணிகர் தம் பார்சலைக் காண்பார். அதைக் கொண்டுவந்தவனைக் காண மாட்டார்.

எங்கள் பாட்டன்மார் இந்த ஆற்றங்கரை வயல்களில் நட்டும் அறுத்தும் பிறர் களஞ்சியத்தை நிரப்பினார்கள். கூலி எவ்வளவு என்பதையும், எங்கே நிற்க வேண்டும் என்பதையும் நிலத்துக்கு உடையவரே சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அந்தக் கட்டு ஓரளவு அறுந்தது. ஆயினும், சாலையோரக் கடையில் "எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற கேள்வி இன்றும் எங்களைத் தேடி வருகிறது. இத்தொழில் விடுதலைக்கு ஒரு படி. முழு விடுதலை அன்று.

திரும்பும் வழியில் கொக்கிரகுளம் ஆற்றங்கரையைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் நெஞ்சு கனக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கோரிக்கைகளுக்காக 23-7-1999 அன்று வந்த ஊர்வலம் அங்கேதான் தடியடியால் சிதறடிக்கப்பட்டது. 17 உயிர்கள் ஆற்றோடு போயின. உழைத்தவன் தன் உரிமையைக் கேட்க இந்த மண்ணில் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

எங்கள் உரிமைகளில் முதலாவது உறக்கம். பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் தானாகவே உறக்கத்தைக் கேட்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டுநர் மூன்று நொடி கண்ணயர்ந்தால், வண்டி 50 மீட்டர் தூரம் ஓட்டுநரின்றி ஓடுகிறது. தேநீர் உறக்கத்தைத் தள்ளிவைக்குமேயன்றித் தீர்க்காது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலையை வரையறுத்தது. ஐந்து மணி நேரத்திற்கு ஒருமுறை அரைமணி ஓய்வும் விதித்தது. அச்சட்டம் 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. சட்டம் இருந்தும், பேட்டாவுக்காக இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் தொடர்ந்து வண்டி எடுத்தவர்கள் எங்களுள் உண்டு. நாங்களும் அத்தவற்றைச் செய்தவர்களே.

எங்கள் தோழர் ஒருவர் கதையைச் சொல்லுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் விடியற்காலை விபத்தொன்றில் அவர் இறந்தார். அவர் தம்மிடம் வேலையே பார்க்கவில்லை என்றார் வண்டி உரிமையாளர். சம்பளப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. ஆனால் வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டுமே! அவர் மனைவி ஒரு சிறு நோட்டைக் கொணர்ந்தார். இரவுப் பள்ளியில் தமிழ் எழுதக் கற்றவர் அவர். ஒவ்வொரு நடைக்கும் தேதி, ஊர், பில்டி எண், வாங்கிய பேட்டா எல்லாவற்றையும் தம் கோணல் எழுத்தில் குறித்து வைத்திருந்தார். அந்த எண்கள் புக்கிங் ஆபீசின் கார்பன் நகல்களோடு ஒத்துப்போயின. உரிமையாளர் வாயடைத்தார், குடும்பத்திற்கு இழப்பீடு கிடைத்தது. அவர் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கவில்லை. அந்தக் கோணல் எழுத்தின் மதிப்பை நாங்கள் அன்றே உணர்ந்தோம்.

போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. படிக்க வாய்ப்பற்றவருக்கு அது ஒரு கதவைத் திறந்தது, மகிழ்ச்சியே. ஆனால், சட்டம் படிப்பைக் கேட்காவிட்டாலும் சாலை கேட்கிறது. 2018-இல் வந்த இ-வே பில்லின் காலக்கெடு முடிந்திருந்தால், வழியில் நிறுத்தப்படுவது லாரி, விழிப்பவன் ஓட்டுநர். அதைப் படிக்கத் தெரிந்தவன் புறப்படுமுன்பே கேட்பான். தெரியாதவன் நடுச்சாலையில் கைகட்டி நிற்பான்.

ஆகவே, இளைஞர்களே! லாரி ஓட்ட வராதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. படிப்பைப் பாதியில் எறிந்துவிட்டு வராதீர்கள் என்கிறோம். போக்குவரத்து உரிமத்திற்குச் சட்டமே 20 வயது வரை காத்திருக்கச் சொல்கிறது. அந்த ஆண்டுகளைக் கிளீனர் இருக்கையில் கழிக்காமல் பள்ளியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் கழியுங்கள். வந்த பின், வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். டிரிப் ஷீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நடைக் கணக்கை நீங்களே எழுதுங்கள். உறக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள்; தாமதித்த பார்சலுக்கு மன்னிப்பு உண்டு, போன உயிருக்கு ஏது? ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோவின் கடனுதவியைக் கேட்டறிந்து, ஓட்டுநர் உரிமையாளராக உயர வழி தேடுங்கள்.

கழகப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்குப் பகலில் உறக்கம், இரவில் ஓட்டம். இடையே மாலையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்நேரத்தில் ஓட்டுநர்க்கும் கிளீனர்க்கும் ஒரு வகுப்பு நடத்துங்கள். சட்டமும் கணக்கும் ஆங்கில எழுத்தும் கற்பியுங்கள். முதல் வரிசையில் நாங்கள் வந்து அமர்வோம்.

எங்கள் விளக்கொளி முன்னே நூறடிதான் காட்டும். நீங்கள் தரும் கல்வி எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட நெடுந்தூரம் காட்டட்டும்.